கோயில் இடிந்தால் சபை இடியுமா?



"எங்கள் தோட்டத்துக் கோயிலை இடித்து விட்டார்கள். அத்தோடு எங்கள் சபையும் போய் விட்டது" என்று பெருமூச்சு விடுகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் நாட்டில் உண்டு. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பிறகு ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு, அந்த இடத்தில் செம்பனை வந்தது. இன்னும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயத்து மக்கள் ஆளுக்கொரு திசையாகப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். லயங்களுக்குப் பக்கத்தில் தகரக் கூரையோடு நின்ற சிறிய ஜெப வீடு, மாரியம்மன் கோயிலைப் போலவே, பல இடங்களில் இல்லாமல் போயிற்று.

இடம் மாறிய குடும்பங்களில் சில, பட்டணத்துச் சபையில் போய்ச் சேர்ந்து கொண்டன. சில குடும்பங்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிக் கொண்டன. "அங்கே எல்லாரும் காரில் வருகிறார்கள், நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று வீட்டோடு இருந்து விட்டவர்கள் உண்டு. இப்படி ஒதுங்கியவர்கள் இழந்தது ஒரு கட்டடத்தையா, அல்லது அதைவிடப் பெரிய ஒன்றையா? வேதாகமம் 'சபை' என்று எதைச் சொல்லுகிறது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் இதைப் படிக்கலாம். ஒரே லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த அண்டை வீட்டார் எதை நம்புகிறார்கள் என்று அறிவது நல்லதுதானே!

சொல்லின் பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நாம் 'சபை' என்று படிக்கிற இடத்தில் அங்கே உள்ள சொல் 'எக்ளீசியா'. இது முதலில் கோயிலைச் சேர்ந்த சொல்லே அல்ல. கிரேக்கப் பட்டணங்களில் ஊர்க் காரியங்களைப் பேசித் தீர்க்கக் குடிமக்களை அழைப்பார்கள். அப்படி அழைக்கப்பட்டுக் கூடிய கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். 'வெளியே வரும்படி அழைத்தல்' என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எபேசு பட்டணத்து அரங்கத்தில் கூச்சல் போட்ட ஜனக் கூட்டத்துக்கும் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

இயேசு பிறப்பதற்கு முன்பே பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூதர்கள், கடவுளுக்கு முன்பாகக் கூடி நின்ற இஸ்ரவேல் மக்களைக் குறிக்க இந்தச் சொல்லை எடுத்துக் கொண்டார்கள். எகிப்தில் அடிமை வேலை செய்து, அங்கிருந்து விடுவிக்கப்பட்டு, வனாந்தரத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களுக்கு அப்போது சொந்த நிலமும் இல்லை, கல்லால் கட்டிய ஆலயமும் இல்லை. இருந்தாலும் அவர்கள் சபையாகத்தான் இருந்தார்கள்.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. ஓரிடத்தில்கூட அது கட்டடத்தைக் குறிக்கவில்லை. நாம் மலாய் மொழியில் சொல்லுகிற 'கெரேஜா' கூட, மலாக்காவை 1511இல் பிடித்த போர்த்துக்கீசியரின் 'இக்ரேஜா' என்ற சொல்தான். அதன் வேரும் எக்ளீசியாவே. மக்களைக் குறித்த சொல், காலப்போக்கில் அவர்கள் கூடிய இடத்துக்கும் பெயராகி விட்டது.

இதை விளங்கிக்கொள்ளத் தோட்ட மக்களுக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 'சங்கம்' என்றால் என்ன என்று அந்த நாளில் ஒரு பால்மரத் தொழிலாளியைக் கேட்டிருந்தால், ஆபீஸ் கட்டடத்தைக் காட்டியிருப்பாரா? சந்தா கட்டிய அத்தனை பேரும் சேர்ந்ததுதான் சங்கம் என்றிருப்பார். சபையும் அந்த விதமே. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சங்கத்தை நாம் கூடி அமைக்கிறோம். சபையையோ கூப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார். சுவிசேஷ நூல்கள் நான்கில் மத்தேயு மட்டுமே இந்தச் சொல்லைத் தருகிறது (16, 18ஆம் அதிகாரங்கள்). அங்கே இயேசு அதைத் தம்முடைய சபை என்று சொந்தம் கொண்டாடுகிறார். ஆகவே அது துரையுடையதும் அல்ல, கமிட்டித் தலைவருடையதும் அல்ல, போதகருடையதும் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிரேக்கர்களுடைய ஊர்ச் சபையில் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அந்நியர்களுக்கும் இடமில்லை. கிறிஸ்துவின் சபையிலோ மூவருக்கும் இடம் கிடைத்தது. எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்கள் அடிமைகளை நேருக்கு நேர் அழைத்துப் பேசுகின்றன. ஏன்? நிருபம் வாசிக்கப்படும்போது அவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார்கள்!

கொரிந்துப் பட்டணத்துப் பந்தி

சபை என்றால் என்ன என்பதை வேதாகமம் அகராதி போல விளக்குவதை விட, நடந்த சம்பவங்களைக் கொண்டே அதிகமாக விளக்குகிறது. அவற்றில் ஒன்று நம் மக்களுக்கு நன்றாக விளங்கும்.

கொரிந்து இரண்டு துறைமுகங்களை உடைய வியாபாரப் பட்டணம். ரோமர்கள் அதைக் கி.மு. 146இல் அழித்தார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடியும் குடியேற்றினார். அங்கே கொண்டு வந்து குடியமர்த்தப்பட்டவர்களில் பலர், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்கள். நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து புதிய இடத்தில் வேர் பிடித்ததைப் போல, அதுவும் வந்தேறிகளால் எழுந்த ஊர்தான். கி.பி. 50ஆம் ஆண்டையொட்டிப் பவுல் அப்போஸ்தலர் அங்கே வந்து ஒன்றரை வருடம் தங்கினார். கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் சின்னப்பர் என்று சொல்லுவது இவரைத்தான்.

அங்கே எழுந்த சபையில் கல்விமான்களும் பெரிய குடும்பத்தாரும் மிகச் சிலர்தான் என்று பவுலே எழுதுகிறார். மற்றவர்கள் அன்றாடம் உழைத்து வாழ்ந்தவர்கள். எல்லாரும் கூடுவதற்கு இடவசதி உள்ள ஒரு வீடு தேவை. ஆகவே வசதி உள்ளவர் வீட்டில் கூடினார்கள். கர்த்தருடைய இராப்போஜனத்தோடு எல்லாருமாகச் சாப்பிடுவதும் அன்று வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அன்றைக்கு விடுமுறை நாள் அல்ல! ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வு நாளாக்கியது கி.பி. 321இல்தான். அதற்கு முன்பு ஞாயிறும் ஒரு வேலை நாளே. வசதி உள்ளவர்களுக்கு நேரம் இருந்தது. கொண்டு வந்த உணவை எடுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கி விட்டார்கள். எஜமான் விட்ட பிறகே கிளம்பக்கூடிய அடிமையும், பொழுது சாய்ந்த பிறகே கூலி வாங்கக்கூடிய வேலையாளும் வந்து சேர்ந்தபோது நிலைமை எப்படி இருந்திருக்கும்? ஒருவர் பசியோடு இருக்க, மற்றவர் வெறித்திருக்கும் நிலை என்று பவுல் அதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11). பெரிய வீடுகளில் சாப்பாட்டு அறையில் சிலர்தான் சாய்ந்து உட்கார முடியும். மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வெளிக்காட்டு வேலை முடிந்து, கலியாண வீட்டுக்கு நேரம் கழித்துப் போய், காலிப் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

இதைப் பற்றிப் பவுல் என்ன சொன்னார்? "பந்தி முறையைச் சரி செய்யுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லி விட்டுவிடவில்லை. நீங்கள் இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துவது கடவுளுடைய சபையையே அவமதிப்பதாகும் என்றார். பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் எல்லாம் அங்கே இருந்தன. ஆனாலும் நேரம் கழித்து வந்த உழைப்பாளியின் பசியால் அந்தக் கூட்டம் சபை என்ற தன்மையை இழந்து கொண்டிருந்தது! மற்றவர் வந்து சேரும்வரை பொறுத்திருங்கள் என்பதுதான் அவர் கொடுத்த கட்டளை. இது மிகச் சாதாரணமான வார்த்தை போலத் தோன்றும். ஆனால் சபையின் இலட்சணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. காத்திருப்பவர், வரப்போகிறவரையும் தம் வீட்டுப் பிள்ளையாக எண்ணுகிறார்.

இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் பவுல் சபையை ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது. பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார். மரம் வெட்டுகிறவருக்கு இது புதிதல்ல. வலது கைப் பெருவிரலில் ஒரு முள் ஏறினால் அன்றைய கூலி போயிற்று! உடம்பு முழுவதும் அந்த விரலுக்காக வருந்தும். சபையில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் மற்றவர்களுக்கும் அது வலிக்க வேண்டும். வலிக்கவில்லையென்றால், அந்த உடலில் எங்கோ உணர்ச்சி அற்றுப் போயிருக்கிறது என்றே பொருள்.

வீடு மாறிய தம்பதியர்

இடம் பெயர்ந்தவர்களுக்கு ஆறுதலான ஒரு குடும்பக் கதையும் வேதத்தில் இருக்கிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற கணவன் மனைவி இருவரும் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். ஆக்கில்லா பிறந்தது கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டில். பிழைப்பு நடத்தியது ரோமாபுரியில். கி.பி. 49ஐ ஒட்டிக் கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமாபுரியை விட்டு வெளியேறச் சொன்னார். மூட்டை முடிச்சைக் கட்டிக் கொண்டு அவர்கள் கொரிந்துக்கு வந்தார்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்கள் வீட்டில் தங்கி, கூட உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு அவர்கள் எபேசுக்குப் போனார்கள். பேரரசர் கி.பி. 54இல் இறந்தார். பவுல் ரோமருக்கு நிருபம் எழுதும்போது தம்பதியர் மறுபடியும் ரோமாபுரியில் இருக்கிறார்கள்.

மூன்று பட்டணங்கள்! எபேசிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியது (1 கொரிந்தியர் 16). ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியது (ரோமர் 16). அரசாங்கம் அவர்களை ஊரை விட்டுத் துரத்தியது. போன இடத்திலெல்லாம் அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். கூடாரத் துணியும் ஊசியும் கிடந்த வீட்டில் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளருக்கே இவர்கள் இருவரும் அழைத்து வைத்துப் பாடம் சொன்னார்கள். தாய்மார்களே, அந்தச் சம்பவத்தில் பிரிஸ்கில்லாளும் ஆசிரியை என்பதைக் கவனியுங்கள்.

ஆக்கில்லா பிறந்த அந்தப் பொந்து நாட்டிலிருந்து இன்னொரு சாட்சியும் கிடைத்திருக்கிறது. கி.பி. 112 வாக்கில் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் திராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர், அவர்களைத் தண்டித்தவர். குறித்த நாளில் விடியும் முன்பே கூடிப் பாடுகிறார்கள்; பிறகு பிரிந்து போய், மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சபையில் பணிவிடைக்காரர் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் குறிப்பிடுகிறார். பெரட்டுக்கு முன்னே எழுந்து பழகிய நம் மக்களுக்கு, இருட்டோடு எழுந்து கூடிய அந்த உழைப்பாளிகள் சொந்தக்காரர்கள் போலத் தோன்றவில்லையா?

அப்படியானால் கட்டடம் வேண்டாமா?

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்கவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், பெரியவர்களை அடக்கம் செய்யுமுன் வைத்து ஜெபிக்கவும் ஓர் இடம் தேவைதான். சிரியா நாட்டில் ஐப்பிராத்து ஆற்றங்கரையில் துரா எவுரோப்பஸ் என்ற பழைய ஊரை 1920களிலும் 1930களிலும் தோண்டினார்கள். அங்கே மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சபை வீடு கிடைத்தது. சாதாரணக் குடும்ப வீடுதான். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு நீண்ட கூடமாக்கியிருந்தார்கள். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனின் ஓவியம். ஏறக்குறைய கி.பி. 256இல் பாரசீகப் படை அந்த ஊரைப் பிடித்தது. ஊரும் போயிற்று, வீடும் மண்ணுக்குள் போயிற்று. சபையோ போகவில்லை. ஆட்கள் கூடி வருவதற்காகத்தான் நடுச்சுவரை எடுத்தார்கள். கட்டடத்துக்கு அதுதான் வேலை.

"சபை மனிதர்கள் என்றால், நான் வீட்டிலேயே தனியாக ஜெபித்துக் கொள்ளுகிறேனே?" என்று சிலர் கேட்கலாம். தனி ஜெபம் நல்லதே. ஆனால் கூட்டம் என்ற சொல்லே ஒருவரைக் கொண்டு நிறைவேறாது. இரண்டு மூன்று பேராவது கூட வேண்டும் என்பதே இயேசு சொன்ன குறைந்த கணக்கு. எரிகிற விறகை அடுப்பிலிருந்து தனியே இழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். அதே சமயம், நம் வீட்டுக் கூட்டத்தோடு சபை முடிந்து விடுவதுமில்லை. கி.பி. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தின் பெயரால் வழங்கும் விசுவாச அறிக்கை, சபையை ஒரே, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலச் சபை என்று அறிக்கையிடுகிறது. இங்கே 'கத்தோலிக்க' என்றால் எங்கும் உள்ள முழுமையான சபை என்று பொருள். தோட்டத்து இருபது பேரும் உலகத்துக் கோடிக்கணக்கானோரும் ஒரே குடும்பம்.

உள்ளே எழும்பும் சுவர்கள்

வெளிச்சுவர் இடிந்ததற்காக அழுகிற நாம், உள்ளே எழும்பும் சுவர்களைக் காண்பதில்லை. முதல் சபையிலேயே மொழிச் சுவர் எழும்பியது. எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! குறைப்பட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்புப் போனது போலத் தெரிகிறது.

சாதிச் சுவர் நம் மூதாதையர் ஊரிலிருந்தே வந்தது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு நீங்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். கப்பல் ஏறியபோது அந்த மூட்டையையும் சிலர் தூக்கி வந்தார்கள். கலியாணம் பேசும்போது இன்றும் அதை அவிழ்ப்பவர்கள் உண்டு. பணச் சுவரோ எல்லா ஊருக்கும் பொது. பொன் மோதிரக்காரருக்கு நல்ல ஆசனமும் கந்தல் உடுத்தவருக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதை யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கடுமையாகக் கண்டிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியங்கள் தேவையில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் எந்த ஊரில் இருந்தாலும், அருகில் உள்ள சபையின் போதகரையோ பாதிரியாரையோ உபதேசியாரையோ பார்த்துத் தங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். "நம்மை யார் கேட்பார்கள்?" என்று ஒதுங்குவது, அந்த உடலில் ஒரு விரலைக் குறைப்பதாகும்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய கடமை உண்டு. புதிதாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பெயரைக் கேளுங்கள். ஆராதனைக்குப் பிறகு தேநீர் கொடுக்கும்போது, பாதுகாவலர் வேலையிலிருந்தும் தொழிற்சாலை இரவு ஷிப்டிலிருந்தும் தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். வாகனம் உள்ளவர்கள், தோட்டத்திலேயே தங்கி விட்ட வயதானவர்களை மாதம் ஒரு முறையாவது அழைத்து வரலாம். தமிழ் படிக்கத் தெரியாத பேரப் பிள்ளைகளைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் சபை வாசலில் வந்து தயங்கி நின்றால், நம் தாத்தா ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றார் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

விசுவாசிகளை உயிருள்ள கற்கள் என்று பேதுரு தம் முதல் நிருபத்தில் அழைக்கிறார். பல நாடுகளில் சிதறி, அந்நியராய் வாழ்ந்த மக்களுக்கே அவர் அதை எழுதினார். தோட்டத்துக் கோயிலை இடித்த இயந்திரத்தால் அந்தக் கற்களைத் தொட முடியவில்லை. அவை இன்று பத்துப் பதினைந்து பட்டணங்களில், அடுக்குமாடி வீடுகளில் கிடக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை, பழைய தோட்டத்துக் குடும்பம் ஒன்றை விசாரித்துப் போய்ப் பாருங்கள். வரமாட்டோம் என்று சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள்; அவர்களுக்காகக் காத்திருங்கள். பந்தியில் அவர்களுடைய இலை விரித்தபடியே இருக்கட்டும்.